பெங்களூரைச் சுற்றி வம்சாவளிக் கறவை மாடு பார்க்கப் போகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆனேக்கல், ஹொசகோட்டே, தொட்டபள்ளாபுரம், சிந்தாமணி என்று பெங்களூரைச் சுற்றியுள்ள பண்ணைகளுக்கு மாடு பார்க்க வரும் நம்மவர்கள் இரண்டு வகை. ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கமிருந்து வண்டியோடு வருபவர்கள் ஒரு வகை. நகரத்தில் வேலை பார்த்துக்கொண்டே புறநகரில் கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டு, "நாலு மாடு கட்டினால் என்ன?" என்று யோசிப்பவர்கள் இன்னொரு வகை. இரு தரப்பும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். வாங்கும் மாட்டின் கிடாரிகளை, அதாவது பெண் கன்றுகளை, வைத்தே மந்தை கட்ட நினைப்பவர்களை மனதில் வைத்து இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. இந்த ஈத்துப் பாலை (ஒரு கன்று ஈன்ற பிறகு கறக்கும் பாலை) விற்றுவிட்டு மாட்டையும் விற்றுவிடுகிறவருக்கு இதில் பாதி தேவைப்படாது.

மாடு வாங்க ஏன் எல்லோரும் பெங்களூருப் பக்கம் வருகிறார்கள்?

முதல் காரணம் வானிலை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், சமவெளியில் வெயில் தாங்காமல் மூச்சு வாங்கும் எச்.எஃப். (ஹோல்ஸ்டைன் ஃப்ரீஷியன் என்ற சீமை இனம்) கலப்பின மாடுகள் இங்கே ஓரளவு நிம்மதியாக இருக்கின்றன. இரண்டாவது காரணம் பழக்கம். 1923-லேயே இங்கே கால்நடைப் பராமரிப்புக்கும் பால்பண்ணைத் தொழிலுக்குமான இம்பீரியல் நிறுவனம் இயங்கியது. 1927-இல் காந்தி பெங்களூரில் தங்கியிருந்தபோது அங்கே போய் மாடு வளர்ப்பைக் கற்றுக்கொண்டார். 1955-இல் தலைமையகம் கர்னாலுக்குப் போய், இன்றைய தேசியப் பால்பண்ணை ஆராய்ச்சி நிறுவனம் ஆனது. அதன் தென்மண்டல நிலையம் இன்றும் ஆடுகோடியில் இருக்கிறது. நகருக்கு வடமேற்கே ஹெசரகட்டாவில் மத்திய உறைவிந்து நிலையம் இருக்கிறது. நல்ல காளைகளின் விந்தும், வாங்கிய பாலுக்கு ஒழுங்காகப் பணம் தரும் கூட்டுறவுச் சங்கங்களும் பல பத்தாண்டுகளாக ஊர் ஊராகக் கிடைத்ததால், இந்த வட்டாரத்தில் நல்ல மாடுகள் சேர்ந்துவிட்டன.

ஆனால் ஒன்று: குளிர்ச்சியான ஹொசகோட்டேயில் 20 லிட்டர் கறந்த மாடு, சேலத்து மே மாதத்தில் அதே 20 லிட்டர் கறக்கும் என்று கணக்குப் போடாதீர்கள்.

"சுத்தமான எச்.எஃப்., வம்சாவளி மாடு" என்கிறார்களே. நம்பலாமா?

கறுப்பு வெள்ளையாக இருப்பதெல்லாம் சுத்த எச்.எஃப். ஆகிவிடாது. நீங்கள் பார்க்கப்போகும் மாடுகளில் பெரும்பாலானவை, உள்ளூர் மாட்டுக்குத் தலைமுறை தலைமுறையாக எச்.எஃப். காளையின் விந்தைச் சினை ஊசியாகப் போட்டு வந்த உயர்கலப்பினங்கள். அதில் தவறொன்றும் இல்லை. நம் தட்பவெப்பத்துக்கும் தீவனத்துக்கும் அதுவே பொருத்தம்.

வம்சாவளி என்பதற்கு நிறம் சாட்சி ஆகாது, எழுத்துதான் சாட்சி. தாய் எது, தகப்பன் காளை எது, தாய் ஒரு ஈத்தில் எவ்வளவு கறந்தது என்பவை எழுதப்பட்டிருக்க வேண்டும். மேலை நாடுகளில் இனச் சங்கங்களே பதிவேடு வைத்திருக்கின்றன. இங்கே அந்த அளவுக்கு இல்லை என்றாலும் கையில் எதுவும் இல்லாமல் இல்லை. காதில் மாட்டிய மஞ்சள் வில்லையில் 12 இலக்க எண் இருக்கும். ஊசி போட்டது, கன்று ஈன்றது, தடுப்பூசி எல்லாம் அந்த எண்ணில் அரசின் தகவல் தளத்தில் ஏற்றப்படுகின்றன. ஒழுங்கான பண்ணைக்காரர் ஒவ்வொரு முறை ஊசி போட்டபோதும் விந்துக் குச்சியில் (உறைவிந்து அடைத்து வரும் சிறு குழாயில்) அச்சிட்டிருந்த காளை எண்ணை நோட்டில் குறித்து வைத்திருப்பார். சிலர் காலிக் குச்சியையே நோட்டில் ஒட்டி வைப்பார்கள். அப்படி ஒரு நோட்டைக் கண்டால் அந்தப் பண்ணையில் கூடுதலாக ஒரு மணி நேரம் செலவழிக்கலாம்.

கொட்டகைக்குள் போனதும் முதலில் எதைப் பார்ப்பது?

மாட்டைப் பார்க்கும் முன் தேதிகளைக் கேளுங்கள். பிறந்த தேதி, முதல் கன்று ஈன்ற தேதி, அதற்கடுத்த ஈத்துகளின் தேதி. விற்பவர் எத்தனை லிட்டர் கறக்கும் என்று சொல்லத்தான் தயாராக இருப்பார். தேதியைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார். அந்த யோசனையிலேயே உங்களுக்குப் பாதி விவரம் கிடைத்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மாடு 30 மாதத்தில் முதல் கன்று போட்டு, பிறகு 13 மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால், 6 வயது முடிவதற்குள் 4 ஈத்து கண்டிருக்கும். இன்னொன்று 36 மாதத்தில் தொடங்கி, 18 மாதத்துக்கு ஒருமுறை ஈன்றால், 6 வயதில் அப்போதுதான் மூன்றாவது கன்றைப் போடும். இரண்டாவது மாடு உச்சத்தில் 3 லிட்டர் கூடுதலாகக் கறக்கலாம். சந்தையில் அதற்குத்தான் விலையும் கூடுதலாகச் சொல்வார்கள். மந்தை கட்டுகிறவருக்கு முதல் மாடுதான் வேண்டும்.

அடுத்து, "இதன் தாய் இருக்கிறதா? மகள் இருக்கிறதா?" என்று கேளுங்கள். சொந்தத்தில் வளர்த்துப் பெருக்கும் பண்ணையில் இரண்டில் ஒன்றாவது அதே கொட்டகையில் நிற்கும். மகளின் மடியும் காலும் தாயினுடையதைவிட நன்றாக இருந்தால் அந்த வம்சம் முன்னேறிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தாய் அழகாக இருந்தும் மூன்று மகள்களில் இரண்டை ஏற்கனவே விற்றுத் தள்ளியிருந்தால், ஏன் விற்றார் என்று கேளுங்கள். மாடுகளுக்கிடையே தெரியும் பால் வித்தியாசத்தில் ஏறத்தாழ கால் பங்குதான் பரம்பரையால் வருவது. மீதி தீவனம், பராமரிப்பு, வானிலை. எனவே ஒரே ஒரு மாட்டின் ஒரே ஒரு ஈத்தை வைத்து அதன் இரத்தம் உயர்ந்தது என்று முடிவு கட்ட முடியாது. தாய், சகோதரி, மகள் என நாலைந்து உறவுகள் ஒரே திசையைக் காட்டினால்தான் நம்பலாம்.

எந்த நேரத்தில் போவது நல்லது?

கறவை நேரத்துக்கு அரை மணி முன்னால். காலை என்றால் 5 மணிக்குக் கொட்டகையில் இருக்க வேண்டும். விடியலில் எழ முடியாத சோம்பலில் 11 மணிக்குப் போனால், குளிப்பாட்டி நிறுத்திய மாட்டையும் காபியையும் மட்டும்தான் பார்ப்பீர்கள்.

சொல்லாமல் போகலாமா?

கூடாது. ஒரே நாளில் மூன்று பண்ணை பார்க்கிறவர்கள்தான் கோமாரி நோயைச் செருப்பில் சுமந்து போகிறவர்கள். துவைத்த துணி, கழுவக்கூடிய ரப்பர் பூட்ஸ், இரண்டு பண்ணைகளுக்கு நடுவே பூட்ஸைச் சலவைச் சோடாக் கரைசலில் கழுவுவது ஆகிய மூன்றும் வேண்டும். லிட்டருக்கு 40 கிராம் சோடா போதும், கோமாரிக் கிருமி அதில் பிழைக்காது. வாசலில் உங்கள் காலைக் கழுவச் சொல்லும் பண்ணைக்காரர்மேல் கோபப்படாதீர்கள். அவரிடம்தான் மாடு வாங்கலாம்.

மொழிப் பிரச்சினை வருமா?

ஆனேக்கல், ஓசூர் சாலைப் பக்கம் தமிழிலேயே பேசிவிடலாம். சிந்தாமணி, கோலார் பக்கம் தெலுங்கு தெரிந்தால் விலை கொஞ்சம் இறங்கும்.

மடியை எப்படிப் பார்ப்பது? பெரிதாக இருந்தால் போதாதா?

போதாது. அமெரிக்க ஹோல்ஸ்டைன் சங்கம் மாட்டின் உடலமைப்புக்கு மதிப்பெண் போடும்போது 100-க்கு 40-ஐ மடிக்கே ஒதுக்குகிறது. கால், குளம்புக்கு 20, கறவைத் திறனைக் காட்டும் உடல்வாகுக்கு 20, முன்னுடலுக்கும் கொள்ளளவுக்கும் 15, பின்புட்டத்துக்கு 5. மடிக்கு இவ்வளவு மதிப்பெண் கொடுப்பது அழகுக்காக இல்லை. மடி கெட்டுப்போய்த்தான் நல்ல மாடுகள் சீக்கிரம் கழிக்கப்படுகின்றன.

கறப்பதற்கு முன் ஒருமுறை, கறந்த பின் ஒருமுறை என இரண்டு முறை பாருங்கள். கறப்பதற்கு முன், பக்கவாட்டில் நின்று முன்மடி வயிற்றோடு இழைந்து போகிறதா, நடுவில் பள்ளம் விழுந்து தனியாகத் தொங்குகிறதா என்று கவனியுங்கள். பின்பக்கம் வந்தால், மடி இரு தொடைகளுக்கிடையே எவ்வளவு மேலே தொடங்குகிறது என்பது தெரியும். மேலே தொடங்கி அகலமாக இருந்தால் நல்லது. நடுவில் ஒரு பிளவுக் கோடு தெளிவாகத் தெரிய வேண்டும். மடியைத் தாங்கிப் பிடிக்கும் நடுத் தசைநார் வலுவாக இருப்பதற்கு அதுதான் அடையாளம். அந்தக் கோடு மறைந்து, காம்புகள் வெளிப்பக்கம் விரிந்து நின்றால், இன்னும் ஓரிரண்டு ஈத்தில் மடி இறங்கிவிடும். மடியின் அடிப்பாகம் பின்னங்காலின் நடு மூட்டுக்கு மேலேயே நிற்க வேண்டும். மூன்றாம் ஈத்திலும் அப்படி நிற்கிறதா என்பதுதான் சோதனை. முதல் ஈத்தில் எல்லா மடியும் அழகுதான்.

கறந்து முடிந்ததும் தொட்டுப் பாருங்கள். நல்ல மடி சுருங்கி, தோல் மடிப்பு விழுந்து மெத்தென்று ஆகிவிடும். கறந்த பிறகும் அதே பருமனில் கனத்து நின்றால் அது சதை மடி. நான்கு காம்பையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ஒரு பக்கம் கல்போல இருந்தாலோ, ஒரு காம்பில் மட்டும் பால் நூலாக வந்தாலோ, முன்பு மடிநோய் வந்து போயிருக்கிறது. முதல் இரண்டு பீச்சலைக் கறுப்புத் துணியிலோ கறுப்புத் தட்டிலோ விட்டால் திரி திரியாக இருப்பது தெரிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத மடிநோய்க்கு நான்கு குழித் தட்டும் சோதனைத் திரவமும் கால்நடை மருந்துக் கடைகளில் கிடைக்கின்றன. காம்புக்கு ஒரு குழி, பாலும் திரவமும் சம அளவு, கலக்கினால் கொழகொழவென்று கெட்டிப்பட்ட காம்பில் நோய். விற்பவர் "அதெல்லாம் எதுக்கு அண்ணா?" என்றால், கட்டாயம் செய்து பாருங்கள்.

கால், குளம்பு?

மண் தரையில் நிறுத்திக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். சிமெண்டுத் தரையில் நடக்கவிட்டுப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். நடக்கும்போது முதுகு வளைந்தால் எங்கோ வலி. பின்னங்கால் அதிகம் வளைந்திருந்தாலும் தூண்போல நேராக இருந்தாலும் கான்கிரீட் கொட்டகையில் அதிக நாள் தாங்காது. இடுப்பெலும்பைவிட வால் பக்கத்து எலும்பு சற்றே தாழ்ந்திருந்தால் கன்று சிக்கலின்றி வரும், கருப்பைக் கழிவும் தங்காது.

உடம்பில் சதை பிடித்த மாட்டைப் பார்த்து மயங்க வேண்டாம். பால் உச்சத்தில் இருக்கும் மாடு கொஞ்சம் எலும்பு தெரியத்தான் இருக்கும்.

பல்லைப் பார்த்து வயது சொல்வது எப்படி?

மாட்டுக்குக் கீழ்த்தாடையில் மட்டும்தான் முன்பற்கள், மொத்தம் எட்டு. ஏறத்தாழ 2 வயதில் இரண்டு பல் மாறும். இரண்டரை முதல் 3 வயதுக்குள் நான்கு, மூன்றரை வாக்கில் ஆறு, நாலு முதல் நாலரைக்குள் எட்டும் சேர்ந்துவிடும். அதற்குப் பிறகு தேய்மானத்தை வைத்துத் தோராயமாகத்தான் சொல்ல முடியும். "ரெண்டாவது ஈத்து" என்று சொல்லி எட்டுப் பல்லும் தேய்ந்த மாட்டைக் காட்டினால், நடுவில் இரண்டு மூன்று ஈத்து கணக்கில் காணாமல் போயிருக்கின்றன.

கண்ணெதிரே கறந்து 12 லிட்டர் காட்டினார்கள். அதற்கு மேல் என்ன வேண்டும்?

அதற்கு முந்தின கறவையையும் நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முந்தின நாள் மாலையில் பாதி பாலை மடியிலேயே விட்டுவைத்துக் காலையில் சேர்த்துக் கறந்து காட்டுவது பழைய வித்தை. மாலையில் நீங்கள் நிற்கும்போது ஒட்டக் கறந்துவிட்டு, மறுநாள் காலை, மாலை இரண்டையும் எடை போட்டுப் பார்த்தால்தான் உண்மை. நுரையோடு வாளியை அளக்காதீர்கள், தராசில் வையுங்கள். ஒரு லிட்டர் பால் 1.03 கிலோவுக்கு அருகில் இருக்கும். கறக்கும் முன் பால் இறங்குவதற்கு ஊசி போடுகிறார்களா என்றும் கவனியுங்கள். ஊசிக்குப் பழகிய மாடு உங்கள் வீட்டில் ஊசி இல்லாமல் பால் விடாது.

ஈன்று எத்தனை நாள் ஆயிற்று என்பது தெரியாமல் லிட்டருக்குப் பொருள் இல்லை. ஈன்ற 45 முதல் 60 நாளில் பால் உச்சத்தைத் தொடும், பிறகு மாதம் 8 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே வரும். உச்ச அளவை 200-ஆல் பெருக்கினால் 305 நாள் ஈத்தின் மொத்தப் பால் தோராயமாக வரும் என்பது பண்ணைக்காரர்களின் கைக்கணக்கு. உச்சம் 20 லிட்டர் என்றால் ஈத்துக்கு 4,000 லிட்டர். ஏழாம் மாதத்தில் அமைதியாக 11 லிட்டர் கறந்துகொண்டு வயிற்றில் சினையோடும் நிற்கும் மாட்டைப் பலர் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

சுழி பார்க்கலாமா?

உங்கள் வீட்டுப் பெரியவர்களின் நிம்மதிக்காகப் பார்த்துக்கொள்ளுங்கள். பாலுக்கும் சினைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சுழி சரியில்லை என்று நல்ல மாட்டை யாராவது விலை குறைத்துக் கொடுத்தால் வாங்கிக்கொள்ளலாம்.

சினை மாடு என்று சொல்லி விற்கிறார்கள். எப்படி உறுதி செய்வது?

உங்கள் செலவில், உங்கள் மருத்துவரை அழைத்துவந்து கைவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு மேல் என்றால் கையிலேயே தெரியும். ஸ்கேன் வைத்தால் ஏறக்குறைய 30 நாளிலேயே சொல்லிவிடலாம். ஊசி போட்ட தேதியும் மருத்துவர் சொல்லும் சினை மாதமும் ஒத்துப்போகின்றனவா என்பதைப் பாருங்கள். எச்.எஃப். மாட்டுக்குச் சினைக்காலம் சுமார் 280 நாள். ஒத்துப்போகவில்லை என்றால் வயிற்றில் இருப்பது நோட்டில் எழுதிய காளையின் கன்று இல்லை. வம்சாவளிக்காகக் கூடுதல் விலை கொடுப்பவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இரட்டைக் கன்றில் ஒன்று என்று ஒரு கிடாரியை மலிவாகத் தருகிறார்கள்.

கூடப் பிறந்தது காளைக் கன்றா என்று கேளுங்கள். ஆம் என்றால் வேண்டாம். காளையோடு இரட்டையாகப் பிறந்த கிடாரிகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் மலடு.

காளையின் விவரத்தை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறீர்கள்? நான் வாங்குவது பசுவைத்தானே?

பசு தன் வாழ்நாளில் ஐந்தாறு கன்று போடும். காளைக்கு உறைவிந்து வழியாக ஆயிரக்கணக்கில் மகள்கள். அதனால்தான் ஒரு காளையின் நல்லதும் கெட்டதும் உலகம் முழுக்கப் பரவுகின்றன. கார்லின்-எம் ஐவன்ஹோ பெல் என்ற அமெரிக்கக் காளை பாலுக்குப் பெயர் போனது. அதன் விந்து பல நாடுகளுக்குப் போனது. கன்றுகளின் நோய் எதிர்ப்பை அழிக்கும் ஒரு மரபுக் குறையும், முதுகெலும்பு கோணிப் பிறக்கச் செய்யும் இன்னொரு குறையும் அதன் வழியே பரவின என்பது பிறகுதான் தெரிந்தது. இப்போது தரச்சான்று பெற்ற விந்து நிலையங்களில் காளைகளை இத்தகைய குறைகளுக்குச் சோதித்த பிறகே விந்து எடுக்கிறார்கள். ஆகவே எண் தெரிந்த காளையின் மகள் என்பதே ஒரு பாதுகாப்பு.

இதைவிட அன்றாடச் சிக்கல் ஒன்று உண்டு. ஊருக்கு வரும் ஊசிக்காரர் கையில் மூன்று வருடமாக ஒரே காளையின் குச்சியே இருக்கும். நோட்டு இல்லாத வீட்டில் தகப்பனின் விந்தையே மகளுக்குப் போட்டுவிடுவார்கள். பிறக்கும் கன்றில் நெருங்கிய உறவின் அளவு 25 சதவீதம் ஆகிவிடும். சினை பிடிக்காமல் போவது, கன்று வளராமல் போவது என்று அதன் விளைவு தெரியும்போது யாருக்கும் காரணம் புரியாது. நீங்கள் வாங்கும் பசுவின் தகப்பன் எண் தெரிந்தால், அந்த எண்ணைத் தவிர வேறு எதையும் போடச் சொல்லலாம்.

என்னென்ன நோய்ச் சோதனை செய்ய வேண்டும்?

கருச்சிதைவு நோய்க்கு (புரூசெல்லோசிஸ்) இரத்தப் பரிசோதனை, காசநோய்க்குத் தோல் பரிசோதனை. இரண்டையும் விட்டுவிடாதீர்கள். காசநோய்ச் சோதனையில் ஊசி போட்டு 72 மணி நேரம் கழித்து வீக்கத்தை அளக்க வேண்டும், எனவே மருத்துவர் இரண்டு முறை வர வேண்டியிருக்கும். கிடாரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாத வயதில் கருச்சிதைவு நோய்த் தடுப்பூசி போடுகிறார்கள். அது போட்டிருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள், இரத்தப் பரிசோதனையில் அது குழப்பம் செய்யலாம். இந்த நோய் மனிதருக்கும் தொற்றும். பண்ணையில் அன்போடு கொடுக்கும் பச்சைப் பாலைக் காய்ச்சித் தரச் சொல்லிக் குடியுங்கள்.

நாட்டு இனத்தில் வம்சாவளி பார்க்க முடியுமா?

கிர், சாஹிவால் இரண்டிலும் பார்க்கலாம். பெங்களூரைச் சுற்றி இவற்றை வளர்ப்பவர்கள் இருக்கிறார்கள். கர்நாடகத்தின் சொந்த இனங்களான ஹள்ளிகாரும் அம்ருத்மஹாலும் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போனவை. அவற்றிடம் பால் எதிர்பார்ப்பது நம் காங்கேயத்திடம் 15 லிட்டர் கேட்பது போலத்தான்.

தரகர் தேவையா?

வழி காட்டத் தேவை. மாட்டை மதிப்பிட அவரை நம்ப வேண்டாம், அவருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். சந்தைகளில் துண்டுக்கடியில் கைவிரல் பிடித்து விலை பேசும் வழக்கம் இன்னும் இருக்கிறது. அங்கே உங்கள் விரலைக் கொடுத்துவிட்டு நிற்காதீர்கள். இனப்பெருக்கத்துக்கு மாடு எடுப்பவர் சந்தையைவிடப் பண்ணைக்குப் போவதே சரி. சந்தையில் தாயும் மகளும் கூட வந்து நிற்பதில்லை.

தமிழ்நாட்டுக்குக் கொண்டுபோக என்ன வேண்டும்?

கால்நடை மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, விற்பனை ரசீது, காது வில்லை எண்ணோடு கூடிய தடுப்பூசி விவரம், அனுப்புபவர், பெறுபவர் முகவரி. கர்நாடகத்தில் 2020-ஆம் ஆண்டின் பசுவதைத் தடுப்புச் சட்டம் இருப்பதால், வளர்க்கத்தான் கொண்டுபோகிறீர்கள் என்பதை வழியில் காட்டக் காகிதம் கையில் இருக்க வேண்டும். புறப்படும் முன் உள்ளூர்க் கால்நடை மருத்துவமனையில் அப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 1978-ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு சாதாரணச் சரக்கு லாரியில் 6 மாட்டுக்கு மேல் ஏற்றக்கூடாது. கீழே வைக்கோல் பரப்பி, தண்ணீரும் தீவனமும் வைத்து, கூட ஓர் ஆள் வர வேண்டும். நிறைமாதச் சினை மாட்டை ஏற்றவே ஏற்றாதீர்கள். இரவில் கிளம்பினால் வெயிலும் மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளி நெரிசலும் மிச்சம்.

வீட்டுக்கு வந்ததும் பால் பாதியாகக் குறைந்துவிட்டது. ஏமாந்துவிட்டேனா?

உடனே அப்படி முடிவு கட்டாதீர்கள். பயணம், புதுத் தண்ணீர், புதுக் கை, எல்லாவற்றுக்கும் மேலாகத் தீவன மாற்றம், இவை சேர்ந்தால் நல்ல மாடும் முதல் வாரம் குறைத்துத்தான் கறக்கும். விற்பவரிடமே பத்து நாளுக்கான அடர்தீவனத்தை விலைக்கு வாங்கி வந்து, உங்கள் தீவனத்தை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றுங்கள். பழைய மாடுகளிடமிருந்து மூன்று நான்கு வாரம் தள்ளிக் கட்டுங்கள். புது மாட்டைக் கடைசியாகக் கறந்துவிட்டுக் கையைக் கழுவுங்கள். மூன்று வாரம் கழிந்தும் பால் ஏறவில்லை என்றால், ஈன்ற தேதியை மறுபடி எடுத்து வைத்துக் கணக்குப் பாருங்கள். விற்றவரிடம் அதற்குப் பிறகு பேசலாம்.